டொராண்டோ குளிருக்கு நம்ம ஊர் சூப்: தர்மபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து வருபவர்களுக்கு

ஓசூர், தளிப் பக்கம் மார்கழியில் ஸ்வெட்டர் போட்டுப் பழகியவர்கள்கூட டொராண்டோவின் முதல் ஜனவரியில் திணறித்தான் போவார்கள். இரவில் மைனஸ் 10 என்பது சாதாரணம், சில நாள் மைனஸ் 20-ஐத் தொடும். டிசம்பரில் மாலை 4:45-க்கெல்லாம் இருட்ட ஆரம்பித்துவிடும். வேலை முடிந்து, பஸ்ஸுக்கு நின்று, வீடு வந்து சேரும்போது எடுக்கிற பசிக்குத் தயிர்சாதம் இறங்காது.

நம்ம ஊரில் சூப் என்றால் சாயங்காலம் தள்ளுவண்டியில் ஒரு கிளாஸ் ஆட்டுக்கால் சூப், அப்புறம் வீட்டுக்குப் போய்ச் சாப்பாடு. இங்கே குளிர்காலத்தில் பலருக்கு சூப்பே ராத்திரிச் சாப்பாடு. அதனால் தண்ணியாக இருந்தால் பத்தாது. பருப்போ தானியமோ எலும்போ நிறைய வேண்டும். அதற்காக யூடியூபில் புதுசாக எதையும் தேட வேண்டாம். கொள்ளு, கேழ்வரகு, அவரைக்கொட்டை என்று நம் இரண்டு மாவட்டத்துக்காரர்கள் தினமும் சாப்பிட்டு வளர்ந்ததே இந்தக் குளிருக்குச் சரியான சாமான்.

எல்லாமே இங்கே கிடைக்கும், பெயர் மட்டும் மாறியிருக்கும். டொராண்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவில் இலங்கைத் தமிழர் கடைகள் நிறைய. அங்கே கேழ்வரகு மாவை 'குரக்கன் மா' என்று கேளுங்கள். குஜராத்திக் கடையில் கொள்ளு 'குல்தி' என்ற பெயரில் இருக்கும். பச்சை அவரைக்கொட்டை ஃப்ரீசர் பெட்டியில் 'சுர்த்தி பாப்டி லில்வா' என்று பாக்கெட்டில் கிடைக்கும். வெறும் 'லில்வா' என்று மட்டும் எழுதியிருந்தால் பார்த்து எடுங்கள், அது துவரைக் கொட்டையாகவும் இருக்கலாம். ஊரிலிருந்து மூட்டை கட்டி வர வேண்டியது வீட்டில் அரைத்த மிளகாய்த்தூளும் ரசப்பொடியும்தான். எதைக் கொண்டுவந்தாலும் விமான நிலையத்தில் உணவுப்பொருள் இருக்கிறது என்று தெரிவித்துவிடுங்கள். மறைத்தால் அபராதம். அம்மா ஆசையாகக் கொடுக்கிற உப்புக்கண்டத்தை ஊரிலேயே வைத்துவிட்டு வருவது நல்லது. மிக்ஸியும் வேண்டாம். இங்கே மின்சாரம் 120 வோல்ட், நம்ம 230 வோல்ட் மிக்ஸி சரியாக ஓடாது.

முதலில் கொள்ளு சூப். இதை ஒன்றைக் கற்றுக்கொண்டாலே பாதிக் குளிர்காலம் ஓடிவிடும். ஒரு டம்ளர் கொள்ளை வெறும் சட்டியில் வாசம் வரும்வரை வறுத்து, கழுவி, ராத்திரி முழுக்க ஊற வையுங்கள். வேலைக்குப் போகிற அவசரத்தில் ஊறாத கொள்ளைக் குக்கரில் போட்டால் எத்தனை விசில் விட்டாலும் பல்லில் நறநறவென்று இருக்கும். ஊறியதை நான்கு டம்ளர் தண்ணீர் விட்டு ஆறேழு விசில். ஊரில் என்றால் தண்ணீரை வடித்து ரசம், கொள்ளைக் கடைந்து கடைசல் என்று இரண்டாகப் பிரிப்போம். இங்கே பிரிக்க வேண்டாம். பாதிக் கொள்ளை மத்தால் மசித்து, மீதியை முழுசாக விட்டு, அதே தண்ணீரில் கலந்துவிடுங்கள். பூண்டு ஏழெட்டுப் பல், சீரகம், மிளகு, வரமிளகாய் தட்டிப் போட்டு, தக்காளி சேர்த்துக் கொதிக்கவிட்டால் கரண்டியில் நிற்கிற பதத்துக்கு வரும்.

தக்காளி பற்றி ஒரு வார்த்தை. ராயக்கோட்டை, பாலக்கோடு தக்காளி சாப்பிட்ட நாக்குக்கு இங்கே ஜனவரியில் விற்கிற தக்காளி வெறும் சிவப்புத் தண்ணீர். டின் தக்காளி வாங்குங்கள், கௌரவம் பார்க்க வேண்டாம். கோடையில் பழுத்ததை டின்னில் அடைப்பதால் ருசி நன்றாகவே இருக்கும். புளிப்பு கொஞ்சம் தூக்கல், அதனால் புளி சேர்க்கிற பழக்கம் இருந்தால் அதைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள்.

கேழ்வரகு இன்னும் சுலபம். கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ் என்று இருக்கிற காயை அரை லிட்டர் தண்ணீரில் வேக வைத்து, இரண்டு மேஜைக்கரண்டி மாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து ஊற்றிக் கிளறுங்கள். மாவு வாசம் போக ஆறேழு நிமிடம் கொதிக்க வேண்டும். இறக்கும்போது ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை. அதுவும் ஃப்ரீசரில் கிடைக்கும். மறுநாள் எடுத்துப் பார்த்தால் களி மாதிரி இறுகிக் கிடக்கும், கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள். வெந்நீர் விட்டு அடித்தால் பழையபடி ஆகிவிடும். பாதாம், முந்திரி எல்லாம் அரைத்துப் போட்டு இதை ஹெல்த் டிரிங்க் ஆக்குவது என் கட்சி அல்ல.

பிதுக்குப் பருப்பு ஞாயிற்றுக்கிழமை வேலை. உறைந்த அவரைக்கொட்டையை வெதுவெதுப்பான நீரில் போட்டு வைத்து, விரலால் பிதுக்கித் தோலை எடுங்கள். டிவி பார்த்துக்கொண்டே நான்கு பேர் உட்கார்ந்தால் முடிந்துவிடும். வெங்காயம், இஞ்சி, பூண்டு, தனியா, கொஞ்சம் தேங்காய் அரைத்து விட்டு நீர்க்க வைத்தால் அருமையான சாறு. ஓசூர்க்காரர்கள் இதில் போடுகிற சப்சிகே கீரை இங்கே 'டில்' என்ற பெயரில் எல்லா சூப்பர்மார்க்கெட்டிலும் கட்டுக்கட்டாக இருக்கும். கருவேப்பிலைக்குத்தான் காசு அதிகம். டில் மலிவு.

எலும்பு சூப்புக்கு ஹலால் கடைக்குப் போய் ஆட்டெலும்பு கேளுங்கள். பெரும்பாலும் மெஷின் ரம்பத்தில் அறுத்துத் தருவார்கள், எலும்புத்தூள் ஒட்டியிருக்கும். மூன்று நான்கு தடவை கழுவி, முதல் கொதியில் வருகிற நுரையை எடுத்துவிடுங்கள். சின்ன வெங்காயம் விலை அதிகமாகத் தெரிந்தால் சிவப்பு வெங்காயமே போதும். இதன் ருசி மறுநாள்தான் முழுசாகத் தெரியும். ராத்திரி ஃப்ரிட்ஜில் வைத்தால் காலையில் கொழுப்பு மேலே வெள்ளைத் தகடாக உறைந்திருக்கும், அடியில் சூப் ஜெல்லி மாதிரி ஆடும். தகட்டைக் கரண்டியால் நெம்பி எடுத்துவிட்டுச் சூடாக்கி, மிளகை அப்போதுதான் தட்டிப் போட வேண்டும்.

கடையில் சூப் வாங்குகிறவர்களும், மாட்டிறைச்சியோ பன்றி இறைச்சியோ சாப்பிடாதவர்களும் ஒன்றைக் கவனியுங்கள். பிரெஞ்சு ஆனியன் சூப் பார்க்க வெங்காய சூப்தான், ஆனால் வழக்கமாக மாட்டெலும்புச் சாற்றில்தான் செய்வார்கள். கியூபெக் பக்கத்து மஞ்சள் பட்டாணி சூப்பில் உப்பிட்ட பன்றி இறைச்சி சேர்வது வழக்கம். காய்கறி சூப் என்று போட்டிருந்தாலும் கோழிச் சாறு இருக்கலாம், கேட்டுவிட்டு வாங்குங்கள். டின் சூப்பில் உப்பு தாராளம். அந்தப் பட்டாணி சூப்பின் மஞ்சள் பட்டாணிப் பருப்பு எல்லாக் கடையிலும் மலிவாகக் கிடைக்கும். சீரகம், பூண்டு தாளித்து வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம்.

தாளிப்பு என்றதும் ஞாபகம் வருகிறது, ஸ்மோக் அலாரம். எண்ணெய் புகைய மிளகாயைப் போட்டால் வீடே அலறும். எரிச்சலில் பேட்டரியைக் கழற்றி வைப்பவர்கள் உண்டு. டொராண்டோ இருக்கிற ஒன்டாரியோ மாகாணத்தில் அது சட்டப்படி குற்றம், ஆபத்தும்கூட. இங்கே உள்ள மின்சாரச் சுருள் அடுப்பு மெதுவாகச் சூடேறி, அணைத்த பிறகும் சூட்டை விடாது. அதனால் மிதமான சூட்டில் தாளித்து, கடுகு வெடிக்க ஆரம்பித்ததும் சட்டியை அடுப்பிலிருந்து நகர்த்திவிடுங்கள். அடுப்புக்கு மேலே உள்ள ஃபேனைத் தாளிப்பதற்கு முன்பே போடுங்கள். அப்புறம் குளிர்கால ஜாக்கெட்டைச் சமையலறைப் பக்கம் மாட்டாதீர்கள். ஜன்னல் திறக்காத நாட்களில் வெங்காய வாசம் அதில் ஏறி, மார்ச் வரை கூடவே பஸ்ஸில் வரும்.

பேஸ்மென்ட்டில், அதாவது வீட்டின் நிலத்தடித் தளத்தில், நான்கைந்து பேர் சேர்ந்திருப்பவர்களுக்கு ஒரு பெரிய குண்டான் சூப் மூன்று நாளைக்கு வரும். ஆனால் ஊர்ப் பழக்கத்தில் ராத்திரி முழுக்க அடுப்பு மேலேயே விட்டுவிடாதீர்கள். வெளியில் பனி கொட்டினாலும் ஹீட்டர் ஓடும் வீட்டுக்குள் 20 டிகிரிக்கு மேல் இருக்கும். அகலமான பாத்திரங்களில் பிரித்து ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வையுங்கள். மூன்று நாலு நாளைக்கு மேல் வேண்டுமென்றால் ஃப்ரீசர். டப்பாவை வாய்வரை நிரப்பாதீர்கள், உறையும்போது பெருத்து மூடியைத் தள்ளும், கண்ணாடி என்றால் விரியும்.

யாராவது ஸ்லோ குக்கர் கொடுத்தால் எலும்பு சூப்புக்கு நன்றாக உதவும். ராஜ்மாவை மட்டும் நேராக அதில் போடாதீர்கள். வேகாத ராஜ்மாவில் வாந்தி, பேதி உண்டாக்கும் நச்சு இருக்கிறது, ஸ்லோ குக்கரின் சூடு அதை முறிக்காது. ஊற வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, தனியாகப் பத்து நிமிடமாவது தளதளவென்று கொதிக்க வைத்த பிறகு போடலாம்.

வேலைக்குக் கொண்டுபோக ஃப்ளாஸ்க் வாங்கினால் வாய் அகலமானதாக வாங்குங்கள். முதலில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றி ஐந்து நிமிடம் மூடி வைத்து, கொட்டிவிட்டு, அப்புறம் சூப்பை ஊற்றுங்கள். மதியம் வரை சூடு நிற்கும், ஆபீஸ் மைக்ரோவேவ் முன்னால் வரிசையில் நிற்க வேண்டியதில்லை.