கம்பெனி செலவில் எம்.எஸ்.: பணம் கைக்கு வரும் தேதியைக் கவனியுங்கள்

டெக்சஸில் வேலை பார்த்துக்கொண்டே மூன்று கல்வியாண்டுகளில் பகுதி நேரமாக எம்.எஸ். முடித்தேன். மொத்தம் 10 பாடம், பாடத்துக்கு 1,700 டாலர். கட்டணம் முழுவதையும் கம்பெனியே கொடுத்தது. ஹெச்-1பி என்னும் வேலை விசாவில் இருப்பவர்களும் வேலையைத் தொடர்ந்துகொண்டே படிக்கலாம், அதற்குத் தனி அனுமதி வேண்டாம். அதனால் புதிதாகச் சேரும் தம்பி தங்கைகளிடம் இந்தச் சலுகையை விட்டுவிடாதீர்கள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

முதலில் எச்.ஆர். தளத்திலிருந்து கல்வி உதவி விதிகளை முழுசாக இறக்கிப் படியுங்கள். மேனேஜர் வாய்வார்த்தையாகச் சரி என்றால் போதாது. எங்கள் கம்பெனியில் வகுப்பு தொடங்கும் முன்பே எழுத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் அந்தப் பாடத்துக்குப் பணம் கிடையாது. 'பி' கிரேடுக்குக் கீழே போனாலும் கிடையாது.

பெரும்பாலும் முதலில் நாம் கட்ட வேண்டும், கிரேடு வந்தபின்தான் அவர்கள் திருப்பித் தருவார்கள். ஆகஸ்டில் நான் கட்டிய 3,400 டாலர் ஜனவரியில்தான் திரும்பி வந்தது. ஆகவே ஒரு செமஸ்டர் கட்டணத்தைக் கையில் சேர்த்துவைத்துக்கொண்டு தொடங்குங்கள். கம்பெனி பணம் தரும்வரை கட்டணத்தைத் தள்ளிவைக்கும் வசதி சில பல்கலைக்கழகங்களில் உண்டு, கணக்குப் பிரிவில் கேட்டுப் பாருங்கள்.

இனி வரி. அமெரிக்க வருமான வரிச் சட்டத்தின் 127ஆம் பிரிவின்படி கம்பெனி தரும் கல்வி உதவியில் வருடத்துக்கு 5,250 டாலர் வரை வரி இல்லை. முதுகலைப் படிப்புக்கும் இது பொருந்தும். கட்டணமும் புத்தகமும் இதில் அடங்கும். படிப்பு முடிந்தபின் நம்மிடமே தங்கிவிடும் லேப்டாப் அடங்காது. இங்கே வருடம் என்பது ஜனவரி முதல் டிசம்பர் வரை. எப்போது படித்தோம் என்பது கணக்கில்லை, பணம் எப்போது கைக்கு வந்தது என்பதுதான் கணக்கு.

இது தெரியாமல்தான் முதல் வருடம் மாட்டிக்கொண்டேன். ஆகஸ்டில் தொடங்கும் ஃபால் செமஸ்டரில் இரண்டு பாடம், ஜனவரியில் தொடங்கும் ஸ்பிரிங் செமஸ்டரில் இரண்டு பாடம். ஃபால் பணம் ஜனவரியில் வந்தது, ஸ்பிரிங் பணம் ஜூனில் வந்தது. இரண்டும் ஒரே வருடத்தில் விழுந்ததால் 6,800 ஆகிவிட்டது. வரம்புக்கு மேற்பட்ட 1,550 டாலரைச் சம்பளமாகக் கணக்கிட்டு, ஜூன் கடைசிச் சம்பளத்தில் ஏறக்குறைய 460 டாலர் பிடித்தார்கள். டெக்சஸில் மாநில வருமான வரி இல்லாதபோதே இவ்வளவு. வீட்டு வாடகை கட்ட வேண்டிய வாரம் அது, சம்பளச் சீட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வருடம் முதல் ஃபாலில் இரண்டு, ஸ்பிரிங்கில் ஒன்று என்று மாற்றிக்கொண்டேன். மூன்று பாடத்துக்கு 5,100 டாலர், வரம்புக்குள் அடங்கிவிட்டது. உங்கள் கட்டணம் வேறாக இருக்கும். பதிவு செய்யும் முன் ஒரு தாளில் எந்தப் பாடத்தின் பணம் எந்த மாதம் வரும் என்று எழுதிப் பாருங்கள். டிசம்பர் கடைசிச் சம்பளத்துக்குள் தர முடியுமா என்று சம்பளம் போடும் பேரோல் பிரிவிலும் கேளுங்கள். ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தின் இணையவழி கணினி முதுகலை போன்ற மலிவான படிப்பு என்றால் இந்தத் தொல்லையே பெரும்பாலும் வராது.

படிப்பு இப்போது பார்க்கும் வேலைக்கே நேரடியாக உதவுவதாக இருந்தால், வரம்புக்கு மேற்பட்ட தொகைக்கும் வரி இல்லாமல் தர வேறொரு பிரிவில் வழி இருக்கிறது. ஆனால் அதைக் கம்பெனிதான் ஏற்க வேண்டும், கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை. அப்புறம், வரி இல்லாமல் கம்பெனி தந்த அதே தொகையைக் காட்டி வரித் தாக்கலில் கல்விச் சலுகை கேட்கக் கூடாது.

கடைசியாக, வேலையை விடுவது. எங்கள் விதிப்படி பணம் வாங்கிய இரண்டு வருடத்துக்குள் விலகினால் திருப்பிக் கட்ட வேண்டும். என் தோழி ஒருத்தி எட்டாவது மாதத்தில் வேறிடம் போனாள். புதிய இடத்தில் கையெழுத்துப் போடும் முன்பே அந்தத் தொகையைச் சொல்லி, வேலையில் சேரும்போது தரும் போனஸில் கூட்டி வாங்கிக்கொண்டாள். போனஸுக்கு வரி உண்டு, அதையும் சேர்த்தே கேளுங்கள்.