கட்ஆஃப் 131தானா? கலந்தாய்வில் பதற்றத்தில் செய்யும் தவறுகள்

மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளே எனக்கு போன் வர ஆரம்பித்துவிடும். கணக்கு வாத்தியார் என்பதால் கட்ஆஃப் போட்டுக் கேட்பார்கள். சில வருடங்களுக்கு முன் ஒரு மாணவியின் அப்பா பேசினார். "சார், பாப்பா மேத்ஸ்ல 62தான். கவுன்சிலிங்ல ஒண்ணும் கிடைக்காதுன்னு சொன்னாங்க. ஒரு காலேஜ்ல அட்வான்ஸ் கட்டிட்டோம். டிசி, மார்க் ஷீட் எல்லாம் வாங்கி வெச்சுக்கிட்டாங்க." அப்போது அரசு நடத்தும் பொறியியல் கலந்தாய்வுக்கான விண்ணப்பம் போடும் நாட்கள்கூட முடியவில்லை.

அவள் மதிப்பெண்: கணிதம் 62, இயற்பியல் 68, வேதியியல் 70. கணிதத்தை அப்படியே எடுத்து, மற்ற இரண்டையும் பாதியாக்கிக் கூட்டினால் 62 + 34 + 35 = 131. இதுதான் கட்ஆஃப். இருநூறுக்கு 131 பெரிய மதிப்பெண் இல்லைதான். ஆனால் தமிழ்நாட்டில் ஒவ்வோர் ஆண்டும் கலந்தாய்வு முடிந்த பிறகும் பொறியியல் இடங்கள் ஏராளமாகக் காலியாகவே கிடக்கின்றன. மூன்று பாடங்களின் சராசரி பொதுப்பிரிவுக்கு 45 சதவீதம், இடஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு 40 சதவீதம் இருந்தால் விண்ணப்பிக்கலாம். இந்தப் பிள்ளைக்குச் சீட் கிடைக்குமா என்பது கேள்வியே இல்லை. எந்தக் கல்லூரியில், என்ன கட்டணத்தில் என்பதுதான் கேள்வி. அதைத் தெரிந்துகொள்வதற்கு முன்பே பணத்தையும் சான்றிதழையும் கொடுத்துவிடுவதுதான் நான் பார்த்த தவறுகளிலேயே பெரியது.

காரணம், இப்படி அட்வான்ஸ் கட்டி, கல்லூரியே நிரப்பிக்கொள்ளும் மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்துவிட்டால் கலந்தாய்வோடு வரும் சலுகைகளும் போய்விடும். குடும்பத்தில் முதலில் பட்டம் படிப்பவருக்கான முதல் பட்டதாரிச் சலுகை கலந்தாய்வு வழியாகச் சேர்பவர்களுக்குத்தான். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்தவர்களுக்கு 2021-ல் வந்த சட்டப்படி 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு, அதில் சேர்பவர்களின் கட்டணத்தை அரசே கட்டுகிறது. அதுவும் கலந்தாய்வு வழியாகத்தான். கட்டணத்தையும் பாருங்கள். 2017-ல் கட்டண நிர்ணயக் குழு சுயநிதிக் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு வைத்தது 50,000 முதல் 55,000 ரூபாய், மேனேஜ்மென்ட் இடத்துக்கு வைத்தது 85,000 முதல் 87,000. ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு.

ஐஐடி போன்ற மத்திய அரசுக் கல்லூரிகளுக்கான நுழைவுத் தேர்வு ஜேஇஇ, அந்தக் குழப்பம் இன்னொன்று. அதன் முதல் கட்டமான மெயினில் 60 பர்சன்டைல் வாங்கிய பையனை, "இவனுக்கு இன்ஜினியரிங் வராது" என்று வீட்டிலேயே ஒதுக்கிவைக்கிறார்கள். 2025-ல் பொதுப்பிரிவில் அடுத்த கட்டமான அட்வான்ஸ்டு எழுதவே 93.10 பர்சன்டைல் தேவைப்பட்டது, அது ஐஐடிக்கான கதை. அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளின் கலந்தாய்வுக்கும் ஜேஇஇக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இங்கே 2007-லேயே நுழைவுத் தேர்வை எடுத்துவிட்டார்கள், பிளஸ் டூ மதிப்பெண் மட்டும்தான். இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் இந்தக் கலந்தாய்வில் வரும் என்று நினைத்துச் சிலர் காத்திருப்பார்கள். வராது. அவர்களுக்குத் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம்.

இப்போது விருப்பப் பட்டியலுக்கு வருகிறேன், அதாவது எந்தக் கல்லூரி, எந்தப் பாடப்பிரிவு வேண்டும் என்று நீங்கள் வரிசையாகப் போட்டுக் கொடுப்பது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், குறைந்த கட்ஆஃப் உள்ளவர்களுக்கு வாழ்வும் தாழ்வும் இங்கேதான்.

கம்ப்யூட்டர் உங்கள் தரவரிசை வரும்போது பட்டியலை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே போகும். முதல் விருப்பத்தில் இடம் இல்லையா, இரண்டாவது. அதிலும் இல்லையா, மூன்றாவது. இடம் இருக்கும் முதல் வரியில் நின்றுவிடும். எட்டாத கல்லூரியை மேலே போட்டதால் கீழே உள்ளது கைநழுவிப் போகாது. இது புரியாமல், "நிச்சயம் கிடைக்கிறதை ஒண்ணாவதா போட்டுடலாம்" என்று போட்டுவிட்டு, 15 மதிப்பெண் குறைவாக இருந்த இன்னொருவன் நல்ல கல்லூரியில் சேர்ந்ததைப் பார்த்து அழுத பையனை எனக்குத் தெரியும். பிடித்த வரிசையில் போடுங்கள், கிடைக்கக்கூடிய வரிசையில் அல்ல.

இன்னொரு பக்கம், பத்து விருப்பத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். எத்தனை வேண்டுமானாலும் போடலாம். தரவரிசைப்படி சுற்றுச் சுற்றாகத்தான் கூப்பிடுவார்கள், 131 போன்ற கட்ஆஃப் பெரும்பாலும் கடைசியான மூன்றாம் சுற்றில்தான் வரும். அதில் எதுவும் ஒதுக்கப்படாமல் போனால் மிச்சம் இருப்பது அதற்குப் பிறகு காலி இடங்களுக்கு நடக்கும் துணைக் கலந்தாய்வு மட்டுமே. குறைந்தது ஐம்பது வரியாவது எழுதச் சொல்வேன். ஆனால் சேரவே மனமில்லாத கல்லூரியை எண்ணிக்கைக்காக எழுதாதீர்கள். கிடைத்த இடத்தை ஏற்றுக்கொண்டு மேல் விருப்பத்துக்குக் காத்திருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். மேலே உள்ளது கிடைத்துவிட்டால் கையில் இருந்தது தானாகவே வேறொருவருக்குப் போய்விடும், திரும்பக் கேட்க முடியாது. தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் குறித்த நேரத்துக்குள் உறுதி செய்ய மறந்து இடத்தை இழப்பவர்களும் வருடாவருடம் உண்டு.

கல்லூரியைப் பெயரால் தேடாதீர்கள், ஒவ்வொரு கல்லூரிக்கும் உள்ள கவுன்சிலிங் எண்ணால் தேடுங்கள். ஒரே அறக்கட்டளை ஒரே பெயரில் 'காலேஜ் ஆஃப் இன்ஜினியரிங்', 'இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி' என்று இரண்டு நடத்தும். ஒன்று நல்ல கல்லூரி, மற்றது பெயரளவில். போன வருடக் கட்ஆஃபைப் பார்க்கும்போது உங்கள் சமூகப் பிரிவின் கட்டத்தைப் பாருங்கள். பொதுப்பிரிவு எண்ணைப் பார்த்துவிட்டு மனம் உடைந்து போகிற பிள்ளைகள் அநேகம். கடவுச்சொல்லையும் ஓடிபியையும் பிரவுசிங் சென்டர்காரரிடமோ ஏஜென்டிடமோ கொடுத்துவிட்டு வராதீர்கள். பட்டியலை நீங்களே உட்கார்ந்து போடுங்கள்.

பாடப்பிரிவில் என் கருத்து கொஞ்சம் கறாரானது. ஆசிரியரே இல்லாத கல்லூரியில் செயற்கை நுண்ணறிவு படிப்பதைவிட, அரசுக் கல்லூரியிலோ அண்ணா பல்கலைக்கழகமே நடத்தும் உறுப்புக் கல்லூரியிலோ சிவில், மெக்கானிக்கல், ட்ரிபிள் இ (எலக்ட்ரிக்கல்) படிப்பது மேல். கம்ப்யூட்டர் பிரிவைவிட இவற்றின் கட்ஆஃப் வெகுவாக இறங்கும், கட்டணமும் குறைவு. 2024-ல் ஒரே ஆசிரியரின் பெயர் பல கல்லூரிகளின் கணக்கில் இருந்தது அம்பலமானதை மறந்துவிடக் கூடாது. ஒரு வேலைநாளில் கல்லூரிக்கு நேரில் போங்கள். லேபில் மெஷின் ஓடுகிறதா, இரண்டாம் வருட மாணவர்கள் எத்தனை பேர் வகுப்பில் இருக்கிறார்கள் என்று பாருங்கள். கேன்டீனில் ஒரு டீ குடித்தால் பாதி உண்மை தெரிந்துவிடும். பஸ் கட்டணத்தையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

எதுவும் மனதுக்கு ஒட்டவில்லை என்றால் பாலிடெக்னிக்கைத் தோல்வியாக நினைக்காதீர்கள். பிளஸ் டூ முடித்தவர் டிப்ளமோவில் நேராக இரண்டாம் வருடம் சேரலாம், அதை முடித்து பி.இ.யிலும் நேராக இரண்டாம் வருடம். ஒரு வருடம்தான் கூடுதல், கையில் இரண்டு சான்றிதழ்.

அந்த அப்பா இரண்டு தடவை நடந்து அசல் சான்றிதழ்களை வாங்கிவிட்டார். அட்வான்ஸில் பாதிதான் திரும்பி வந்தது. நானும் அந்தப் பெண்ணும் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் 64 வரி எழுதினோம், ஒவ்வொன்றுக்கும் எதிரே கவுன்சிலிங் எண், பாடப்பிரிவு, பஸ் தூரம். மூன்றாம் சுற்றில் பத்தொன்பதாவது வரி கிடைத்தது. ஈசிஇ, அதாவது எலக்ட்ரானிக்ஸ் பிரிவு. வீட்டிலிருந்து 40 நிமிடம், டவுன் பஸ்ஸிலேயே போய் வருகிறாள்.