டாக்டர் ஹூ பிள்ளைகளுக்கா, பெரியவர்களுக்கா? வீட்டில் போடும் முன் நான் பார்க்கிற விஷயங்கள்

லீவு விட்டால் அண்ணன் பிள்ளைகள் இரண்டு பேரும் கும்பகோணத்துக்கு வந்துவிடுவார்கள். பெரியவனுக்குப் பன்னிரண்டு வயசு, சின்னவளுக்கு எட்டு. வந்து பையை வைத்த கையோடு "சித்தப்பா, டாக்டர் ஹூ போடுங்க" என்று ஆரம்பிப்பார்கள். அடுக்களையில் இருந்து அண்ணி, "அது சின்னப் பிள்ளைங்க பாக்குறதா, பெரியவங்க பாக்குறதா, முதல்ல அதைச் சொல்லுங்க" என்பார். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி, நடுவில் ஒரு தடவை நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு, இப்போது எனக்கென்று ஒரு முறை வைத்திருக்கிறேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. நீல நிறப் போலீஸ் பெட்டி ஒன்றில் ஏறிக் காலத்தில் முன்னும் பின்னும் போகிற, இரண்டு இதயம் உள்ள ஆள்தான் டாக்டர். பெட்டி வெளியே சின்னது, உள்ளே பெரியது. பிபிசியில் 1963 நவம்பர் 23, சனிக்கிழமை சாயங்காலம் ஆரம்பித்தது. முந்தின நாள்தான் அமெரிக்க ஜனாதிபதி கென்னடியைச் சுட்டிருந்தார்கள், அந்தப் பரபரப்பில் பலர் பார்க்கவில்லை, அதனால் அடுத்த வாரம் முதல் பகுதியை இன்னொரு தடவை போட்டுவிட்டுத்தான் இரண்டாவதைப் போட்டார்கள். அந்த முதல் கதையை இயக்கிய வாரிஸ் ஹுசைன் லக்னோவில் பிறந்தவர், அப்போது வயசு 24. 1989-ல் தொடர் நின்றது, 1996-ல் ஒரு டிவி படம் வந்தது, 2005-ல் மறுபடி ஆரம்பித்தது. மொத்தம் எண்ணூறு பகுதிகளுக்கு மேல்.

அண்ணியின் கேள்விக்குப் பாதிப் பதில் அந்தச் சனிக்கிழமை நேரத்திலேயே இருக்கிறது. அதற்கு முன்னால் விளையாட்டு நிகழ்ச்சி, அதற்குப் பின்னால் பாட்டு நிகழ்ச்சி. அப்பா எழுந்து போகாமல், வயசுப் பிள்ளைகள் வெளியே ஓடாமல், நண்டுசிண்டுகளும் கூட உட்காருகிற மாதிரி நடுவில் ஒன்று வேண்டும் என்று யோசித்துச் செய்தது இது. பாடம் சொல்லித்தரவும் ஆசைப்பட்டார்கள்: முதல் டாக்டரோடு கிளம்பிய பெரியவர்கள் இரண்டு பேரில் ஒருவர் அறிவியல் வாத்தியார், இன்னொருவர் வரலாற்று டீச்சர். முழி பிதுங்கிய பூதங்கள் எல்லாம் கூடாது என்று இதைத் தொடங்கிவைத்த சிட்னி நியூமன் சொல்லியிருந்தார். ஒரு மாசம்தான் ஆகியிருக்கும், டேலெக் என்கிற உருளும் பூதங்கள் வந்தன, ஊரே அதன் பின்னால் போனது. பாடம் ஓரமாக ஒதுங்கிவிட்டது.

ஆகவே இது பிள்ளைகளுக்கு மட்டும் எடுத்ததும் இல்லை, பெரியவர்களுக்கு மட்டும் எடுத்ததும் இல்லை. ஒரே பாயில் உட்கார்ந்து பார்க்கிற வீட்டுக்கு எடுத்தது. ஆனால் இதைச் சொல்லிவிட்டு ரிமோட்டைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டுப் போக முடியாது. பகுதிக்குப் பகுதி ஆள் மாறும், எழுதுகிறவர் மாறுவார், பயத்தின் அளவும் மாறும்.

முதல் வேலை, பெயரைச் சரியாகப் பார்ப்பது. இதிலிருந்து கிளைத்த தொடர்கள் இருக்கின்றன. டார்ச்வுட் என்று 2006-ல் வந்தது முழுக்கப் பெரியவர்களுக்கானது. ஆங்கிலத்தில் டாக்டர் ஹூ என்பதன் எழுத்துகளைக் கலைத்துப் போட்டால் வருகிற பெயர் அது. எழுத்து விளையாட்டாச்சே என்று பிள்ளைகள் தேடிப் போனால் நமக்குத்தான் சங்கடம். 2007-ல் வந்த சாரா ஜேன் அட்வென்ச்சர்ஸ் பிள்ளைகளுக்கென்றே எடுத்தது, எட்டு வயசுக்குத் தைரியமாகப் போடலாம். எடுத்தவர்களே பெரியவர்களுக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஒன்று என்று இரண்டு பக்கமும் வேலி போட்டிருக்கிறார்கள், மூலத் தொடர் நடுவில் நிற்கிறது. இன்னொரு குழப்பம்: 'முதல் சீசன்' என்று மூன்று உண்டு. 1963 ஒன்று, 2005 ஒன்று, 2024 ஒன்று. வருஷத்தைப் பார்த்துத்தான் போட வேண்டும்.

அடுத்தது, திரையின் மூலையில் வருகிற வயசுக் குறி. 2021 விதிகளுக்குப் பிறகு நம் நாட்டில் ஓடிடி எல்லாவற்றிலும் யூ, யூ/ஏ 7+, யூ/ஏ 13+, யூ/ஏ 16+, ஏ என்று ஐந்து வகை வந்துவிட்டது. அதைப் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் குறி ரத்தம், கெட்ட வார்த்தை, படுக்கையறை இதையெல்லாம் எடை போடும். உங்கள் வீட்டுப் பிள்ளை எதற்குப் பயப்படும் என்று அதற்கு எப்படித் தெரியும்? டாக்டர் ஹூவில் ரத்தம் குறைவு. துப்பாக்கியை அநேகமாகத் தூக்காதவர்தான் டாக்டர். அதன் பயம் வேறு மாதிரி. ஜவுளிக்கடை வாசலில் நிற்கிற பொம்மை நடக்கும், நிழல் ஆளைத் தின்னும், முகமூடி போட்ட சின்னப் பையன் "நீங்க என் அம்மாவா?" என்று கேட்டுக்கொண்டு கதவைத் தட்டுவான். தினமும் பார்க்கிற சாமானை எடுத்துப் பூதமாக்கிவிடுவார்கள். அரக்கனைப் பார்த்துச் சிரிக்கிற பிள்ளை இதற்கு அலறும்.

இதை நான் தாராசுரத்தில் படித்தேன். போன வருஷம் 'பிளிங்க்' என்ற 2007 பகுதியைச் சின்னவளுக்குப் போட்டுவிட்டேன். கல் தேவதைகள் கதை அது. நாம் பார்த்துக்கொண்டிருக்கும்வரை சிலை, கண்ணைச் சிமிட்டினால் பக்கத்தில் வந்துவிடும். ரொம்ப நல்ல பகுதி, டாக்டரே கொஞ்ச நேரம்தான் வருவார், யாரும் ரத்தம் சிந்திச் சாகவும் மாட்டார்கள். அதனால் தப்பில்லை என்று நினைத்தேன். பார்த்தபோது அவளும் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் ஐராவதேசுவரர் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். உள்ளே நுழைந்ததும் என் வேட்டியைப் பிடித்தவள் விடவேயில்லை. துவாரபாலகரைத் தாண்டும்போது முதுகைக் காட்டாமல், அவர் முகத்தையே பார்த்தபடி பின்பக்கமாக நடந்து வருகிறாள். "நீங்க அந்தப் பக்கம் பாருங்க, நான் இந்தப் பக்கம் பாக்குறேன், சிமிட்டாதீங்க" என்று எனக்கும் வேலை கொடுத்தாள். லண்டனில் ஒரு பாழடைந்த வீட்டில் நான்கு சிலை என்றால் அந்த ஊர்ப் பிள்ளை தப்பித்துக்கொள்ளும். கோபுரம் முழுக்கச் சிலை இருக்கிற ஊர்ப் பிள்ளை எங்கே போகும்? அதனால் வயசைவிட முதலில் உங்கள் தெருவைப் பாருங்கள், பிள்ளை தினமும் எதைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போகிறது என்று பாருங்கள்.

வாங்கிக் கட்டிக்கொண்டது என்று சொன்னேனே, அது இதைவிட மோசம். தை மாசம் எங்கள் அப்பா தவறிவிட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வீடு அமைதியாகி, பிள்ளைகள் வாடிப்போய் உட்கார்ந்திருக்கிறார்களே என்று ஒரு மத்தியானம் நானே 'டார்க் வாட்டர்' போட்டேன். 2014-ல் வந்தது, எப்போதோ பார்த்தது, இரும்பு மனிதர்கள் வருவார்கள் என்பது மட்டும்தான் ஞாபகம். செத்தவர்களுக்கு உடம்பில் உணர்ச்சி போவதில்லை, 'என்னை எரிக்காதீர்கள்' என்று அவர்கள் கெஞ்சுகிறார்கள் என்று ஒரு பாத்திரம் சொல்கிற காட்சி அதில் இருக்கிறது என்பது சுத்தமாக மறந்துவிட்டது. அது வந்தபோதே பிரிட்டனில் பலர் பிபிசிக்குப் புகார் எழுதினார்கள். இது ஏமாற்று வேலை என்று டாக்டரே அங்கேயே கோபமாகச் சொல்கிறார், கதையிலும் அப்படித்தான் ஆகிறது. ஆனால் பெரியவன் அதுவரை உட்கார்ந்திருக்கவில்லை. எழுந்து உள்ளே போனான். காவிரிக் கரையில் அவன் அப்பா கொள்ளி வைத்ததைத் தள்ளி நின்று பார்த்தவன் அவன். கூடத்தில் படுத்திருந்த அப்பாயியிடம் போய், "தாத்தாவுக்கு வலிச்சிருக்குமா?" என்று கேட்டான்.

அண்ணி என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை.

அதற்குப் பிறகு நான் பிடித்துக்கொண்ட வழக்கம் இதுதான். எத்தனை தடவை பார்த்த பகுதியாக இருந்தாலும், போடுவதற்கு முந்தின ராத்திரி நான் தனியாக ஒரு ஓட்டு ஓட்டிவிடுவேன். நாற்பத்தைந்து நிமிஷம்தான். வீட்டில் சமீபத்தில் நடந்தது எதையாவது அது தொடுகிறதா, சாவு, பிரிவு, அப்பா அம்மா காணாமல் போவது, ஆஸ்பத்திரி? வீட்டில் இருக்கிற சாமான் எதையாவது பூதமாக்குகிறதா? பாதியில் 'தொடரும்' போட்டு நிறுத்துகிறதா? கடைசியில் சொன்னது அற்பமாகத் தெரியும், ஆனால் பிள்ளை தூங்காமல் கிடப்பது பெரும்பாலும் அதனால்தான், இரண்டு பகுதிக் கதை என்றால் இரண்டையும் ஒரே மூச்சில் போட்டுவிடுங்கள், ஒன்றைப் போட்டுவிட்டு மிச்சம் நாளைக்கு என்கிற வேலை வேண்டாம். நம் ஊரில் கரண்டும் சமயம் பார்த்துப் போகும், ஆகவே பயங்கரமானவற்றைப் பகலில் வைத்துக்கொள்வது நல்லது. பிள்ளை பயந்துவிட்டால் முடிவை முன்னாலேயே சொல்லிவிடுங்கள். முடிவு தெரிந்தால் சுவை போய்விடும் என்பதெல்லாம் நமக்கு. ராமன் ஜெயிப்பான் என்று தெரிந்துதானே ராமாயணம் கேட்கிறோம்.

எங்கே தொடங்குவது? 1963-ல் இருந்து வரிசையாகப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கருப்பு வெள்ளை, நிதானம், பிள்ளைகள் பத்து நிமிஷத்தில் எழுந்து ஓடிவிடும். நான் 2010-ல் மேட் ஸ்மித் டாக்டராக நடிக்க வந்த முதல் பகுதியில் தொடங்குவேன். ராத்திரியில் தனியாக இருக்கிற ஒரு சின்னப் பெண் வீட்டுத் தோட்டத்தில் பெட்டி விழும், உள்ளே இருந்து வருகிறவர் பசிக்கிறது என்று ஆப்பிள், தயிர், பீன்ஸ் என்று ஒவ்வொன்றாக வாயில் போட்டுத் துப்பிவிட்டு, கடைசியில் வறுத்த மீன் துண்டைக் கஸ்டர்டில் தோய்த்துச் சாப்பிடுவார். வெள்ளைக்காரப் பிள்ளைகள் இதற்கு முகத்தைச் சுளிக்குமாம். கல்யாணப் பந்தியில் பாயசத்தில் அப்பளத்தை நொறுக்கிப் போடுகிற எங்கள் வீட்டுப் பிள்ளைகள் "நல்லாத்தான் இருக்கும்போல" என்றார்கள். பின்பாதியில் நீளப் பல்லோடு ஒன்று வரும், அப்போது மட்டும் பக்கத்தில் உட்காருங்கள். 2005 சீசனில் குசு விடுகிற வேற்றுகிரகத்து ஆட்கள் கதை ஒன்று உண்டு. எனக்கு அது சகிக்காது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், மூன்று தடவை போடச் சொன்னார்கள். இது பெரியவர்கள் சமாச்சாரம் என்று பெருமையடிக்கிற ரசிகர்களுக்கு இந்தப் பகுதியைத்தான் பரிசாகக் கொடுக்க வேண்டும்.

சரி, டாக்டர் முகம் மாறுகிறாரே, அதை எப்படி விளக்குவது? சாகும் தறுவாயில் உடம்பு எரிந்து வேறு ஆளாக எழுந்திருப்பார், நடிகரை மாற்ற 1966-ல் கண்டுபிடித்த உபாயம். சின்னவள் இதற்கு ஒரேயடியாக அழுதாள். அப்பாயிதான் சமாளித்தாள். சாத்தனூர்க் கதையைச் சொன்னாள்: மேய்ப்பன் மூலன் செத்துக் கிடக்க, மாடுகள் சுற்றி நின்று கதற, வழியில் வந்த சித்தர் அவற்றின் துக்கம் தாங்காமல் அவன் உடம்புக்குள் புகுந்து திருமூலரானார், சாயங்காலம் மாடுகளை ஓட்டிக்கொண்டு ஊருக்குப் போனால், மூலன் பெண்சாதிக்கு இது தன் புருஷன் இல்லை என்று தெரிந்துவிட்டது. அங்கே உடம்பு அதே, ஆள் வேறு. இங்கே ஆள் அதே, உடம்பு வேறு. தலைகீழ்தான், ஆனால் புது டாக்டரைப் பார்த்து, அவரோடு பயணம் போகிற ரோஸ் என்ற பெண் "நீ யார்?" என்று விலகி நிற்கிற காட்சி வந்தபோது சின்னவள் அழவில்லை, "அந்த மாட்டுக்காரர் பொண்டாட்டி மாதிரி" என்று மட்டும் சொன்னாள்.

மொழி இன்னொரு தடை. ஆங்கிலம் சடசடவென்று ஓடும், அதிலும் டாக்டராக நடித்த டேவிட் டெனன்ட் பேசினால் எனக்கே பாதி புரியாது. நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொல்லுங்கள். கதை கெடாது, பிள்ளைகள் கேள்வி கேட்க இடமும் கிடைக்கும்.

பெரியவர்களுக்கென்று ஒதுக்க வேண்டியவையும் உண்டு, பயங்கரம் என்பதற்காக இல்லை, பிள்ளைகளுக்கு அதில் ஒன்றும் இருக்காது என்பதற்காக. 2008-ல் வந்த 'மிட்நைட்' கிட்டத்தட்ட முழுக்க ஒரு வண்டிக்குள்ளேயே நடக்கும், பூதம் கண்ணுக்கே தெரியாது, பயத்தில் பயணிகள் ஒருவர்மேல் ஒருவர் பாய்வார்கள். ராத்திரி பஸ் நடுவழியில் நின்று, ஒரு மணி நேரத்தில் ஆளாளுக்குக் குரல் மாறுவதைப் பார்த்தவர்களுக்கு அது உறைக்கும். பெரியவன் கடைசிவரை பார்த்துவிட்டு "பூதம் எப்போ வரும்?" என்றான். 1947 பிரிவினையை வைத்து 2018-ல் வந்த 'டீமன்ஸ் ஆஃப் தி பஞ்சாப்' அவனுக்குப் பிடித்தது, ஆனால் முதலில் பிரிவினை என்றால் என்ன என்று அரை மணி நேரம் சொல்ல வேண்டியிருந்தது. ஓவியர் வான்கா கதை வருகிற 2010 பகுதியை அவனுக்கு இன்னும் போடவில்லை. அந்த ஓவியரின் மனச்சோர்வைப் பற்றி உட்கார்ந்து பேச எனக்கே தெம்பு வர வேண்டும்.

இந்த லீவுக்கு 1975-ல் வந்த டேலெக் பிறந்த கதையைக் கேட்டிருக்கிறான், ஆறு பகுதி. பிற்காலத்தில் கோடிக்கணக்கானவர்களைக் கொல்லப்போகிற இனத்தைப் பிறக்கும்போதே அழிக்கலாமா என்று டாக்டர் இரண்டு கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார். பன்னிரண்டு வயசுக்குச் சரிவரும் என்றுதான் நினைக்கிறேன். முந்தின ராத்திரி ஓட்டிப் பார்த்தபோது அப்பாயி தண்ணீர் குடிக்க எழுந்து வந்தாள், கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். "நெல்லுக் குதிருக்குச் சக்கரம் வச்சு உருட்டி விட்டிருக்கானுவ. இதுக்காடா பயப்படுறீங்க?" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.