பழைய ஜீப்பில் ஸ்டியரிங் ஆட்டமும் ஷாஃப்ட் அதிர்வும்: ஸ்பேனர் எடுக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போடிமெட்டு, குமுளி வழியாக ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் ஜீப்புகள்தான் தேனிப் பக்கம் எங்கள் பட்டறைத் தொழிலுக்கு ஆதாரம். இப்போது இன்னொரு கூட்டமும் சேர்ந்திருக்கிறது. பழைய மஹிந்திரா சிஜே-3பி போன்ற வண்டிகளை ஆசையோடு வாங்கி, தாங்களே கழற்றி மாட்டிப் பழகும் இளைஞர்கள். அவர்களுடைய ஆர்வம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் தொழில் பழகிய காலத்தில் நாங்கள் செய்த அதே தவறுகளை அவர்களும் அப்படியே செய்வதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்க முடியவில்லை. டயர் காற்று, தளர்ந்த நட்டு போன்றவற்றை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஸ்டியரிங் பாக்ஸ் திருகை இறுக்கி ஆட்டத்தை மறைப்பது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. ஸ்டியரிங்கில் ஆட்டம் என்றதும் எல்லார் கையும் நேராகப் பாக்ஸின் பக்கவாட்டில் இருக்கும் திருகுக்குத்தான் போகிறது. லாக் நட்டைத் தளர்த்தி அரைச் சுற்று இறுக்கினால் ஆட்டம் குறைந்தது போலவே இருக்கும். வேலை முடிந்தது என்று வண்டியை எடுத்துவிடுகிறார்கள்.

அந்தப் பாக்ஸுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் இப்படிச் செய்ய மனம் வராது. ஸ்டியரிங் தண்டின் அடியில் பள்ளம் வெட்டிய கேம் ஒன்று இருக்கிறது. லிவர் தண்டில் இருக்கும் முளைகள் அந்தப் பள்ளத்தில் ஓடுகின்றன. சக்கரம் நேராக இருக்கும் இடத்தில் மட்டும் பள்ளத்தை ஆழம் குறைவாக வெட்டியிருப்பார்கள். நேர்ச்சாலையில் ஆட்டமில்லாமல் பிடிப்பதற்கான ஏற்பாடு அது. வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால் முதலில் தேய்வதும் அந்த நடுப்பகுதிதான். தேய்ந்த நடுப்பகுதிக்கு ஏற்றபடி திருகை இறுக்கினால், தேயாத ஓரப்பகுதிகளில் முளை பிடித்துக்கொள்ளும். மேட்டுச்சாலையில் கொண்டை ஊசி வளைவு என்றால் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத்தான் ஆக வேண்டும். பிடிப்பு வருவது சரியாக அந்த இடத்தில்.

ஒரு தம்பி வண்டியைக் கொண்டுவந்து, “பாக்ஸை இறுக்கிவிட்டேன் அண்ணே, ஆட்டம் போய்விட்டது. ஆனால் வளைவில் ஒடித்தால் திரும்ப நிமிர மாட்டேன் என்கிறது” என்றார். வளைவு முடிந்ததும் தானாக நேருக்கு வர வேண்டிய ஸ்டியரிங்கை அவர் இரண்டு கையாலும் இழுத்து நிமிர்த்திக்கொண்டிருந்தார். எதிரே பஸ் வரும் சாலை அது. பாக்ஸைப் பிரித்தால் முளைகளின் முனை ஒருபக்கம் தட்டையாகிவிட்டது. கேம் பள்ளத்தின் ஓரம் விரலால் தடவினாலே சொரசொரவென்று தட்டுப்பட்டது. இரண்டும் வீண். நல்ல நிலையில் பழைய பாக்ஸ் கிடைப்பது இன்று எவ்வளவு கடினம் என்பது தேடி அலைந்தவர்களுக்குத் தெரியும். இத்தனைக்கும் ஆட்டம் பாக்ஸில் இல்லவே இல்லை. பாக்ஸிலிருந்து வரும் டிராக் லிங்க் கம்பியும், சக்கரங்களைத் திருப்பும் இரண்டு டை ராடு கம்பிகளும் வந்து சேரும் பெல் கிராங்கில், தண்டும் பேரிங்கும் தேய்ந்துபோயிருந்தன. அதைக் கையால் பிடித்து மேலும் கீழும் அசைத்தபோதே கடகடவென்று ஆடியது. முதல் நாளே யாராவது அடியில் குனிந்து பார்த்திருந்தால் பாக்ஸ் பிழைத்திருக்கும்.

பார்க்கும் முறை எளிது. வண்டி சமதளத்தில், நான்கு சக்கரமும் தரையில், எஞ்சின் நிறுத்தப்பட்டு இருக்க வேண்டும். ஒருவர் ஸ்டியரிங்கை ஆட்டம் இருக்கும் அளவுக்கு மட்டும் இடமும் வலமும் மெல்ல அசைக்கட்டும். இன்னொருவர் அடியில் ஒவ்வோர் இணைப்பையும் உள்ளங்கையால் பொத்திப் பிடித்தபடி வரிசையாகப் போகட்டும்: பாக்ஸிலிருந்து வெளியே நீளும் டிராப் ஆர்ம், டிராக் லிங்கின் இரு முனை, பெல் கிராங்க், டை ராடு எண்டுகள். இந்தப் பக்கம் அசைந்து அந்தப் பக்கம் அசையாத இணைப்பில்தான் ஆட்டம். கண்ணைவிடக் கை சீக்கிரம் கண்டுபிடிக்கும். பாக்ஸைச் சேஸியில் பிடித்திருக்கும் போல்ட்டுகளையும், அந்த இடத்தில் சேஸி விரிசல் விட்டிருக்கிறதா என்பதையும் அப்போதே பாருங்கள். முன்பட்டையை (இலை ஸ்பிரிங்கை) சேஸியோடு இணைக்கும் ஷாக்கிளின் புஷ் போயிருந்தால் ஆக்ஸிலே பக்கவாட்டில் நகரும். அதுவும் ஓட்டுபவர் கைக்கு ஸ்டியரிங் ஆட்டமாகத்தான் தெரியும்.

இவை எல்லாம் சரியாக இருந்து பாக்ஸ்தான் காரணம் என்று உறுதியானால், முதலில் மேல்மூடியின் ஷிம்களை (மெல்லிய தகடுகளை) வைத்துத் தண்டின் மேல்கீழ் ஆட்டத்தை எடுங்கள். பக்கத் திருகு அதற்குப் பிறகுதான். டிராக் லிங்கைக் கழற்றி, ஸ்டியரிங்கைச் சரியாக நடுவில் வைத்து, நடுவைக் கடக்கும்போது மட்டும் லேசான பிடிப்பு தெரியும் வரை திருகினால் போதும். பிறகு ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை சுற்றிப் பாருங்கள். ஓரத்தில் எங்காவது இறுகினால் பாக்ஸ் தேய்ந்துவிட்டது என்று பொருள். அந்த வண்டியை மலைக்கு அனுப்ப வேண்டாம்.

கிங் பின்னையும் ஹப் பேரிங்கையும் குழப்பிக்கொள்வது

சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால், ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால், சக்கரம் உருளும் ஹப் பேரிங்தான் காரணம். நிற்காவிட்டால், சக்கரம் இடமும் வலமும் திரும்பும் அச்சான கிங் பின்.

புரொப்பெல்லர் ஷாஃப்டை அடையாளம் போடாமல் கழற்றுவது

கியர்பாக்ஸை ஒட்டிய டிரான்ஸ்பர் கேஸிலிருந்து ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டுதான் இந்த ஷாஃப்ட்; அதன் இரு முனையிலும் மடங்கும் மூட்டுதான் கிராஸ். கிராஸ் மாற்றியபின் அதிர்வு கூடிவிட்டது என்று வரும் வண்டிகளில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். கிராஸ் ஒரு கோணத்தில் சுற்றும்போது, உள்ளே வரும் வேகம் சீராக இருந்தாலும் வெளியே போகும் வேகம் ஒரு சுற்றுக்கு 2 முறை கூடிக் குறையும். மறுமுனைக் கிராஸ் அதே கோணத்தில், அதே வாக்கில் இருந்தால்தான் இந்த ஏற்ற இறக்கம் ஈடாகும். ஷாஃப்டில் நழுவும் ஸ்லிப் யோக்கை, பல் வெட்டிய ஸ்பிளைனில் மாற்றிச் செருகினால் ஈடாவதற்குப் பதில் கூடிவிடும். ஷாஃப்டிலும் யோக்கிலும் அம்புக்குறி இருந்தால் இரண்டும் நேருக்கு நேர் வர வேண்டும். இல்லையென்றால் கழற்றும் முன்பே உளியால் ஒரு கோடு போட்டுவிடுங்கள்.

கழற்றிய கிராஸைக் கையில் வைத்து எல்லாத் திசையிலும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இல்லை என்பதற்காக நல்லது என்று விட்டுவிடக் கூடாது. ஓரிடத்தில் தடுக்கினாலும், பேரிங் தொப்பியின் ஓரத்தில் செம்பழுப்புத் துரு தெரிந்தாலும் உள்ளே கிரீஸ் வற்றி ஊசி பேரிங் தடம் பதித்துவிட்டது.

பட்டையை உயர்த்திவிட்டுக் கோணத்தை மறப்பது

வண்டி உயரமாகத் தெரிய வேண்டும் என்று பட்டை சேர்க்கிறார்கள். பின் ஆக்ஸிலின் பினியன் (ஷாஃப்ட் வந்து சேரும் பல்சக்கரத் தண்டு) எந்தப் பக்கம் பார்க்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. ஷாஃப்டின் இரு முனையும் வந்து இணையும் முகங்களான டிரான்ஸ்பர் கேஸ் பிளாஞ்சும் பினியன் பிளாஞ்சும் இணையாக இருக்க வேண்டும். வித்தியாசம் 1 டிகிரிக்குள் நல்லது. பட்டை வண்டிகளில் பாரம் இழுக்கும்போது பினியன் மூக்கு மேலே எழும்பும் என்பதால், 1 அல்லது 2 டிகிரி தாழ்த்தி வைப்பது என் வழக்கம். அளக்கும்போது எடை சக்கரத்தில் இருக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும் ஆக்ஸிலில் எடுத்த அளவு எதற்கும் உதவாது.

முன் ஆக்ஸிலில் ஆப்பு வைத்துப் பினியனைத் தூக்கினால் கேஸ்டர் (கிங் பின்னின் பின்சாய்வு) குறைந்துவிடும். அந்தப் பழைய ஜீப்புகளின் கேஸ்டரே 3 டிகிரிதான். அது குறைந்த பிறகு வண்டி சாலையில் அலைவதைப் பார்த்து, பலர் மறுபடியும் ஸ்டியரிங் பாக்ஸ் திருகுக்கே போகிறார்கள்.

எல்லா அதிர்வுக்கும் டயரைக் குற்றம் சொல்வது

அதிரும் வேகத்தில், காலியான நேர்ச்சாலையில் கிளட்சை மிதியுங்கள். அதிர்வு தொடர்ந்தால் ஷாஃப்ட் அல்லது சக்கரம். சக்கரத்தின் அதிர்வு மெதுவாக உலுக்கும். ஷாஃப்ட் பல மடங்கு வேகமாகச் சுற்றுவதால் அதன் அதிர்வு இரைச்சலாகவே வரும்.

ஹேண்ட்பிரேக்கை நம்பி அடியில் படுப்பது

பழைய ஜீப்புகளில் ஹேண்ட்பிரேக் டிரம் இருப்பது டிரான்ஸ்பர் கேஸின் பின்புறம், பின்சக்கரத்தில் அல்ல. பின் ஷாஃப்டின் கடைசி போல்ட் கழன்றதும் ஹேண்ட்பிரேக்குக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே இல்லை. கியரில் போட்டிருந்தாலும் பின்சக்கரம் தாராளமாக உருளும். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்துவிட்டுப் படுங்கள்.