சிக்கனம் சொல்லிச் சம்பாதிப்பவர்கள் சறுக்கும் இடங்கள்

குடும்ப பட்ஜெட், சீட்டு, இன்சூரன்ஸ், மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில் போடும் எஸ்.ஐ.பி. என்று பணத்தைப் பற்றிப் பேசுவது இன்று தமிழில் ஒரு முழுநேரத் தொழில். யூடியூப் சேனல், வார இறுதி வகுப்பு, ஆபீஸ்களில் நடத்தும் பட்டறை, தனி ஆலோசனை என்று வழிகள் பல. இறங்குகிறவர்கள் முதலில் விசாரிப்பது எந்த மைக் நல்லது என்பதைத்தான். அதற்கு முன் தனக்குத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: நான் செய்யப்போவது கற்பிப்பதா, விற்பதா, ஆலோசனை சொல்வதா? மூன்றுக்கும் சட்டம் வேறு, காசு வரும் வழியும் வேறு. மூன்றையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டுவதுதான் முதல் தவறு. மற்ற பல தவறுகள் அதிலிருந்து கிளைப்பவை.

கூட்டு வட்டி எப்படி வளர்கிறது, இறந்தால் மட்டும் பணம் தரும் டேர்ம் பாலிசி என்றால் என்ன என்று சொல்லித்தர லைசென்ஸ் தேவையில்லை. மியூச்சுவல் ஃபண்ட் விற்க வேண்டுமானால் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி தொடங்கிய என்.ஐ.எஸ்.எம். நிறுவனம் நடத்தும் ‘5-ஏ’ தேர்வு எழுத வேண்டும்: 100 கேள்விகள், 2 மணி நேரம், தேறுவதற்கு 50 மதிப்பெண். பிறகு ஃபண்ட் நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபியிடம், விநியோகஸ்தருக்கான பதிவு எண்ணான ஏ.ஆர்.என். வாங்க வேண்டும். வருமானம், வாடிக்கையாளரின் பணம் ஃபண்டில் இருக்கும்வரை வரும் டிரெயில் கமிஷன். முதலிலேயே மொத்தமாகக் கிடைத்த கமிஷனை 2018-லேயே செபி நிறுத்திவிட்டது. ஃபீஸ் வாங்கிக்கொண்டு தனி நபருக்கு ஆலோசனை சொல்வது மூன்றாவது வகை. அதற்கு 2013-ம் ஆண்டு விதிகளின் கீழ் செபி பதிவு வேண்டும். பட்டப்படிப்பும் ‘10-ஏ’, ‘10-பி’ தேர்வுகள் இரண்டும் வேண்டும். முன்பு கேட்ட சொத்து மதிப்பும் அனுபவ ஆண்டுகளும் 2024 டிசம்பர் திருத்தத்தில் போய்விட்டன. பதிலுக்கு 150 வாடிக்கையாளர் வரை 1 லட்சம் ரூபாய் டெபாசிட் வைத்தால் போதும். நிலையான கட்டணமாக ஒரு குடும்பத்திடம் ஆண்டுக்கு 1,51,000 ரூபாய்க்கு மேல் வாங்க முடியாது.

ஏ.ஆர்.என். மட்டும் வைத்திருப்பவர் விசிட்டிங் கார்டில் ‘நிதி ஆலோசகர்’ என்று அச்சடிப்பது அன்றாடம் பார்க்கிற தவறு. விநியோகஸ்தர் அந்தப் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று 2020-லேயே விதி வந்துவிட்டது. எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: ஆலோசகராகப் பதிவு செய்துகொண்டு, மனைவி பெயரில் ஏ.ஆர்.என். எடுத்து, ஆலோசனை கேட்டு வந்தவருக்கே ஃபண்டை விற்பது. தனிநபர் ஆலோசகர் விற்கவே கூடாது. அவர் ஆலோசனை தரும் வாடிக்கையாளருக்கு அவர் குடும்பத்தாரும் விற்க முடியாது.

கற்பிப்பவர் சறுக்குவது ‘ஒரு உதாரணத்துக்கு’ என்று தொடங்கும் இடத்தில். உதாரணமாகக் காட்டிய பங்கின் பெயர், விலை, இலக்கு எல்லாம் வந்த பிறகு அது பாடம் அல்ல, பரிந்துரை. 2025 ஜனவரி 29 சுற்றறிக்கை, கல்வி மட்டும் தருபவர்கள் பங்கின் பெயரைச் சொல்ல முந்தைய 3 மாத விலை விவரங்களைப் பயன்படுத்தக் கூடாது என்றது. இந்தக் காலவரம்பு மாறக்கூடியது என்பதால் வகுப்புப் பொருளைத் தயாரிக்கும்போதெல்லாம் செபி தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. ‘நான் செபியில் பதிவு பெறவில்லை, இது கல்விக்காக மட்டும்’ என்று வீடியோவின் அடியில் போடும் ஒற்றை வரியைக் கவசம் என்று நம்புவதில் பயனில்லை. 2023 அக்டோபரில் ‘பாப் ஆஃப் சார்ட்’ என்ற பெயரில் இயங்கியவர்கள் மீது செபி இடைக்கால உத்தரவு போட்டது. பயிற்சி வகுப்பு என்ற பெயரில் பங்குப் பரிந்துரை நடந்தது என்பது குற்றச்சாட்டு; 17.2 கோடி ரூபாயைத் தனிக் கணக்கில் கட்டச் சொன்னார்கள்.

சட்டத்தை விட்டுக் கணக்குக்கு வருவோம். பெயர் கெடுவது பெரும்பாலும் இங்கேதான்.

‘மாதம் 10,000 போடுங்கள், 20 வருடத்தில் கோடீஸ்வரர்’ என்ற தலைப்பு எல்லோருக்கும் பிடிக்கும். 12% என்று வைத்தால் ஏறத்தாழ ஒரு கோடி வருவது உண்மைதான். ஆனால் 10% ஆனால் அது சுமார் 76 லட்சம். வெறும் இரண்டு சதவீதப் புள்ளி, 23 லட்சத்துக்கு மேல் காணாமல் போகிறது. விலைவாசி ஆண்டுக்கு 6% ஏறினால், அன்றைய ஒரு கோடிக்கு இன்றைய மதிப்பு 31 லட்சம். இந்த மூன்று எண்களையும் ஒரே திரையில் காட்டாதவர் பாதிக் கணக்குதான் சொல்கிறார். பங்குச் சந்தை ஆண்டுதோறும் ஒரே சீராக 12% தருவதும் இல்லை. ஏழாம் வருடம் போட்டதை விடக் குறைவாக இருக்கும் கணக்கைப் பார்த்துப் பயந்து வெளியேறுபவர், உங்கள் வீடியோவைப் பார்த்து நுழைந்தவராக இருப்பார்.

கடன் பக்கம் இன்னும் மோசம். ‘வருடத்துக்கு 12% தான்’ என்று சொல்லும் ஃபிளாட் வட்டிக் கடனை, அதாவது முதலில் வாங்கிய முழுத் தொகைக்கே கடைசிவரை வட்டி போடும் கடனை, அப்படியே வங்கிக் கடனோடு ஒப்பிட்டுவிடுகிறார்கள். ஒரு லட்சம் வாங்கி 12 மாதம் 9,333 ரூபாய் வீதம் கட்டினால், குறையும் அசலின் மேல் கணக்கிடும்போது வட்டி ஏறத்தாழ 21.5%. எக்செல்லில் ‘ரேட்’ ஃபார்முலா போட்டால் அரை நிமிட வேலை. ‘நோ காஸ்ட்’ இ.எம்.ஐ.யிலும் வட்டி இல்லாமல் இல்லை. அதைத் தள்ளுபடியாகக் கழித்துக் காட்டுகிறார்கள். அந்த வட்டிக்கான 18% ஜி.எஸ்.டி.யும் பிராசஸிங் கட்டணமும் கார்டு பில்லில் வந்து நிற்கும்.

பட்ஜெட்டில், தேவைக்கு 50%, விருப்பத்துக்கு 30%, சேமிப்புக்கு 20% என்று பிரிக்கும் 50-30-20 என்ற அமெரிக்கச் சூத்திரத்தை அப்படியே இறக்குவது பழகிப்போன தவறு. நம் வீட்டுச் செலவு மாதக் கட்டுக்குள் அடங்குவதில்லை. கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, வீட்டு வரி அரையாண்டுக்கு ஒருமுறை, ஸ்கூல் ஃபீஸ் ஜூனில், புடவையும் பட்டாசும் தீபாவளியில், முகூர்த்த மாதங்களில் மொய். மாத பட்ஜெட் போட்டவர் ஜூனில் தோற்றுவிட்டு, தனக்குக் கட்டுப்பாடு இல்லை என்று நொந்துகொள்கிறார். ஆண்டுச் செலவுகளை முதலில் பட்டியலிடச் சொல்ல வேண்டும்: ஃபீஸ் 48,000, மருத்துவக் காப்பீடு 18,000, தீபாவளி 20,000, மொய் 12,000, வண்டி 6,000, வீட்டு வரி 4,800. கூட்டினால் 1,08,800. பன்னிரண்டால் வகுத்தால் 9,067. சம்பளம் வந்த அன்றே இதைத் தனிக் கணக்குக்கு மாற்றிவிட்டு, மீதியில்தான் மாத பட்ஜெட்டே தொடங்குகிறது.

சிக்கன யோசனைகளில் பொத்தாம்பொதுவாகப் பேசுவதும் இதே ரகம். ‘லைட்டை அணையுங்கள்’ என்று எல்லோரும் சொல்கிறார்கள். தமிழ்நாட்டு வீட்டு மின்கட்டணத்தில் மிச்சம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று எவ்வளவு பேர் சொல்கிறார்கள்? 2024 ஜூலை கட்டணப்படி இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்றால் பில் 1,805 ரூபாய். 501-வது யூனிட் ஓடினால் 2,048 ரூபாய் 40 காசு. காரணம், 500-ஐத் தாண்டியதும் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கு 2.35 போய் 4.70 ஆகிறது. ஒரே யூனிட், 243 ரூபாய். 480-லிருந்து 520-க்குள் ஊசலாடும் வீட்டுக்கு, கணக்கெடுக்க ஆள் வருவதற்கு ஒரு வாரம் முன்பே மீட்டரைப் பார்க்கச் சொல்வதுதான் யோசனை. முந்நூறு யூனிட் வீட்டுக்கு இதே அறிவுரை வீண். யாருக்குப் பொருந்தும் என்று சொல்லாத சிக்கனக் குறிப்பு காலண்டர் தாளின் பின்புறப் பொன்மொழிக்குச் சமம்.

பேர் கொஞ்சம் தெரிந்ததும் விளம்பரம் தேடி வரும். இங்கே அவசரம் ஆகாது. கடன் ஆப் என்றால் அதன் பின்னால் உள்ள நிதி நிறுவனம் ரிசர்வ் வங்கிப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சீட்டுக் கம்பெனி என்றால் 1982 சட்டப்படி அந்தக் குறிப்பிட்ட சீட்டுக்குப் பதிவாளரின் முன் அனுமதி உண்டா, கமிஷன் 7%-க்குள் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். நகைச் சேமிப்புத் திட்டம் என்றால், 11 மாதத்தில் முடிவது ஏன் என்பதாவது தெரிந்திருக்க வேண்டும்: 365 நாளைத் தாண்டி நிற்கும் முன்பணம் கம்பெனிச் சட்டப்படி டெபாசிட் என்று கருதப்படும். சேதாரச் சலுகை எத்தனை சதவீதம் வரை, நாணயத்துக்கு உண்டா என்பதையும் விளம்பரத்திலேயே சொல்லலாம். மாதம் 25%, 30% என்று ஆசைகாட்டிய ஆருத்ரா நிதி நிறுவன மோசடி விவகாரத்துக்குப் பிறகும், அது மாதிரி வாக்குறுதிக்கு முகம் கொடுப்பவருக்கு யாரும் அனுதாபப்படப் போவதில்லை. ‘என் லிங்கில் பாலிசி எடுத்தால் கமிஷனில் பாதி உங்களுக்கு’ என்பதும் வேண்டாம். அது இன்சூரன்ஸ் சட்டம் 41-வது பிரிவின்படி குற்றம், அபராதம் 10 லட்சம் வரை. காசு வாங்கிய பதிவு என்றால் ‘விளம்பரம்’ என்று முகப்பிலேயே போட வேண்டும்; கருத்துப் பகுதியின் மடிப்புக்குள் அல்ல.

கடைசியில் சொந்தக் கணக்கு. ஊருக்குப் பட்ஜெட் போடுபவர் தன் ஜி.எஸ்.டி. எல்லையைக் கவனிக்காமல் விடுவது வேடிக்கைதான், ஆனால் நடக்கிறது. சேவைக்கு ஆண்டு எல்லை 20 லட்சம். யூடியூப் பணம் வெளிநாட்டு நிறுவனத்திலிருந்து வருவதால் கணக்கில் வராது என்று நினைக்கிறார்கள். ஏற்றுமதியும் அந்த 20 லட்சத்தில் சேரும். பதிவு எடுத்து, ஏற்றுமதிக்கான உறுதிப் பத்திரம் (எல்.யு.டி.) கொடுத்துவிட்டால் அந்தப் பகுதிக்கு வரி கட்ட வேண்டியிருக்காது, அவ்வளவுதான். யூடியூப் பணம் வந்து சேரும் கூகுள் ஆட்சென்ஸில் அமெரிக்க வரிப் படிவத்தை நிரப்பாமல் விட்டால், அமெரிக்கப் பார்வையாளர் தரும் பங்கில் ஒப்பந்தப்படி 15% போக வேண்டிய இடத்தில், மொத்த வருமானத்திலும் 24% வரை பிடித்துவிடுவார்கள். விமர்சனம் செய்யச் சொல்லிக் கொடுத்த போனைத் திருப்பித் தராமல் வைத்துக்கொண்டால் அதுவும் வருமானம். இப்படி ஒரு நிறுவனத்திடமிருந்து கிடைக்கும் பொருள்களின் மதிப்பு ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் 10% டி.டி.எஸ். உண்டு.

வேலையை விடுவதாக இருந்தால், சேனல் எத்தனை சப்ஸ்கிரைபர் தொட்டது என்று பார்க்காமல், கடந்த 12 மாதத்தில் மிகக் குறைவாக வந்த மாத வருமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விளம்பரதாரர் தொகை 60, 90 நாள் கழித்துத்தான் வரும் என்பதையும் சேர்த்து, அந்தக் குறைந்த மாத வருமானத்தில் வீடு ஓடுமா என்று மூன்று மாதம் வாழ்ந்து பாருங்கள். சம்பளத்தை அப்படியே ஆர்.டி.யில் போட்டுவிட்டு.