சிபில் ரிப்போர்ட்டில் தப்பான பதிவா? திருத்துவது இப்படித்தான்

வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்தால், "சார், உங்க சிபில்ல ஒரு ரைட்டன் ஆஃப் காட்டுதே" என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அதாவது, இனி திரும்ப வராது என்று வங்கி தள்ளி எழுதிய கடன். அது நீங்கள் வாங்கவே வாங்காத கடனாக இருக்கலாம், எப்போதோ கட்டி முடித்ததாகவும் இருக்கலாம். இரண்டையும் நீங்களே திருத்தலாம், கட்டணம் கிடையாது. "சிபில் கிளியர் பண்ணித் தர்றோம்" என்று பணம் கேட்கும் ஏஜென்ட் செய்வதும் இதே வேலையைத்தான். உண்மையான பாக்கியை அவராலும் அழிக்க முடியாது.

படி 1: ரிப்போர்ட்டை எடுங்கள்

பேச்சுவழக்கில் எல்லாமே சிபில்தான். ஆனால் நாம் வாங்கிய கடன்களையும் அவற்றைக் கட்டிய விதத்தையும் பதிந்து வைக்கும் கடன் தகவல் நிறுவனங்கள் இந்தியாவில் நான்கு உண்டு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க். ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்தந்த நிறுவனத்தின் தளத்திலேயே எடுங்கள். உங்கள் ரிப்போர்ட்டை நீங்களே பார்ப்பதால் ஸ்கோர் (கடன் மதிப்பெண்) குறையாது.

படி 2: ஸ்கோரை விடுங்கள், கணக்குகளைப் படியுங்கள்

ஒவ்வொரு கடனுக்கும் கீழே மாதவாரியாகக் கட்டங்கள் இருக்கும். 000 என்றால் தவணை நிலுவை இல்லை. 030 என்றால் 30 நாள் தாமதம். எக்ஸ்எக்ஸ்எக்ஸ் என்று இருந்தால் பதற வேண்டாம். அந்த மாதத் தகவலை வங்கி அனுப்பவில்லை, அவ்வளவுதான்.

அதிகம் குழப்புவது 'செட்டில்டு'. ஒரு லட்சம் பாக்கியை அறுபதாயிரத்துக்குப் பேசி முடித்திருந்தால் அந்தப் பதிவு சரியானதே; புகார் செய்து பயனில்லை. முழுத் தொகையும் கட்டியிருந்தால் 'குளோஸ்டு' என்றுதான் வர வேண்டும். அதேபோல், மச்சானுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்ட கடனும் உங்கள் ரிப்போர்ட்டில் வரும். அவர் கட்டாமல் விட்டது உங்கள் பெயரில் நிற்பது அநியாயமாகத் தெரியலாம், ஆனால் பிழை அல்ல.

படி 3: ஆதாரம் சேருங்கள்

கட்டி முடித்த கடன் என்றால் என்ஓசியும் (பாக்கி இல்லை என்று வங்கி தரும் சான்று), கடைசித் தவணை தெரியும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் போதும். உங்கள் பான் கார்டை வைத்து வேறு யாரோ எடுத்த கடன் என்றால் 1930 என்ற உதவி எண்ணில் சைபர் குற்றப் புகார் கொடுத்து, அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: இரண்டு பக்கமும் புகார்

ரிப்போர்ட் எடுத்த தளத்திலேயே 'டிஸ்ப்யூட்' பகுதி இருக்கும். எந்தக் கணக்கில் எந்தத் தகவல் தவறு என்று குறிப்பிட்டு அனுப்புங்கள். சிபில் தானாக எதையும் மாற்றாது. வங்கியிடம் கேட்டுத்தான் மாற்றும். அதனால் வங்கியின் குறைதீர் அதிகாரிக்கும் அன்றே ஒரு மெயில் போட்டுவிடுங்கள்:

"எனது இந்த எண்ணுள்ள கடன் இந்தத் தேதியில் முழுவதும் கட்டி முடிக்கப்பட்டது. என்ஓசி இணைத்துள்ளேன். ரிப்போர்ட்டில் இன்னும் ரைட்டன் ஆஃப் என்று உள்ளது. திருத்திய தகவலைக் கடன் தகவல் நிறுவனங்கள் அனைத்துக்கும் அனுப்பி, எனக்கு எழுத்தில் பதில் தரவும்."

கோபமோ கதையோ வேண்டாம். கணக்கு எண், தேதி, கோரிக்கை இருந்தால் போதும்.

படி 5: நாளை எண்ணுங்கள்

பலருக்குத் தெரியாத உரிமை இது. புகார் கொடுத்த 30 நாளுக்குள் அதைத் தீர்க்க வேண்டும். தவறினால், அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. 2024 ஏப்ரல் 26 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. 45-ஆம் நாள் தீர்ந்தால் உங்களுக்கு 1,500 ரூபாய் வர வேண்டும். வங்கி 21 நாளுக்குள் திருத்திய தகவலை அனுப்பாததால் தாமதம் என்றால் வங்கி கொடுக்க வேண்டும்; வங்கி அனுப்பியும் தாமதம் என்றால் கடன் தகவல் நிறுவனம் கொடுக்க வேண்டும். அதனால் புகார் எண் வந்த மெயிலை அழிக்காதீர்கள்.

படி 6: ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேன்

30 நாளில் பதிலே இல்லை, அல்லது வந்த பதில் திருப்தி இல்லை என்றால், ரிசர்வ் வங்கியின் சிஎம்எஸ் என்ற புகார் தளத்தில் ஆம்புட்ஸ்மேனிடம் (குறைகளை விசாரித்துத் தீர்க்கும் அதிகாரி) புகார் பதியுங்கள். கட்டணமில்லை, வக்கீல் தேவையில்லை. 2022 செப்டம்பர் முதல் கடன் தகவல் நிறுவனங்கள் மீதும் இங்கே புகார் கொடுக்கலாம். சந்தேகம் இருந்தால் ரிசர்வ் வங்கியின் 14448 என்ற எண்ணை அழையுங்கள்.

திருத்திவிட்டதாக மெயில் வந்ததும் மற்ற மூன்று நிறுவனங்களின் ரிப்போர்ட்டையும் எடுத்துப் பாருங்கள். அடுத்த வங்கி எதைப் பார்க்கும் என்று சொல்ல முடியாது. எங்காவது பழைய பதிவே இருந்தால், அதே ஆதாரங்களோடு அங்கும் ஒரு டிஸ்ப்யூட் போடுங்கள்.