ஷிப்ட் அறிக்கையை உருப்படியாக எழுத வைப்பது எப்படி: காவல் நிறுவனங்களுக்கான வழிகாட்டி

காவல் பணி ஒழுங்காக நடந்த நாளில் காட்டுவதற்கு எதுவும் மிஞ்சாது. கொத்தனார் தாம் எழுப்பிய சுவரைக் காட்டலாம். நடக்காமல் போன திருட்டைக் காவலர் எப்படிக் காட்டுவார்? ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் வேளையில் வாடிக்கையாளர், "உங்கள் ஆட்கள் இரவு முழுவதும் என்னதான் செய்கிறார்கள்?" என்று கேட்டால், நிறுவனத்தின் கையில் இருக்கும் ஒரே பதில் அன்றாட ஷிப்ட் அறிக்கைதான்.

ஆனால் பெரும்பாலான காவலர் அறைகளில் கிடக்கும் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினால், பக்கத்துக்குப் பக்கம் "இரவு ஷிப்ட். எல்லாம் சரி" என்ற வரியும் அதன் கீழே ஒரு கையொப்பமும்தான் இருக்கும். இரவெல்லாம் சுற்றி வந்தவரும் நாற்காலியில் உறங்கியவரும் அதே வரியைத்தான் எழுதியிருப்பார்கள் என்பதால், அந்த வரிக்கு எந்த மதிப்பும் இல்லை. இதற்குக் காவலரை மட்டும் குறை சொல்வது நியாயமன்று. எதை எழுத வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. எழுதியதை யாரும் படிப்பதுமில்லை. ஆகவே இந்த இரண்டையும் சரிசெய்தாக வேண்டும்.

எதை எழுதுவது

அறிக்கை பணியேற்பிலிருந்து தொடங்க வேண்டும். எத்தனை மணிக்கு, யாரிடமிருந்து பொறுப்பு ஏற்கப்பட்டது, சாவிக் கொத்தில் எத்தனை சாவிகள் இருந்தன, வாக்கி-டாக்கியும் டார்ச்சும் வேலை செய்தனவா, முந்தைய ஷிப்டிலிருந்து முடியாமல் நிற்பவை எவை என்பன முதல் சில வரிகளிலேயே வந்துவிட வேண்டும். சாவிகளை "சரிபார்க்கப்பட்டது" என்று எழுதாமல் "14 சாவிகள்" என்று எண்ணிக்கையாக எழுதப் பழக்குங்கள். ஒன்று தொலையும் நாளில், எந்த ஷிப்டில் தொலைந்தது என்பதை அந்த எண்தான் சொல்லும்.

நேரத்தை 24 மணி முறையில் குறிப்பது குழப்பத்தைக் குறைக்கும். இரவு ஷிப்ட் நள்ளிரவைத் தாண்டுவதால், 00:00 மணிக்குப் பிறகு வரும் பதிவுகளுக்கு மேலே புதிய தேதியை எழுத வேண்டும். சிசிடிவி ரெக்கார்டரின் கடிகாரம் சில நிமிடங்கள் முந்தியோ பிந்தியோ ஓடுவது வழக்கம் என்பதால், ஷிப்ட் தொடங்கும்போது தம் கைக்கடிகாரத்துக்கும் திரையில் தெரியும் நேரத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் காவலர் ஒரு வரியில் குறித்து வைப்பது நல்லது. அற்பமாகத் தோன்றும் இந்த வரி, பின்னாளில் பதிவேட்டையும் காட்சியையும் ஒப்பிடுபவரின் பெரும் தலைவலியைத் தீர்த்துவிடும்.

இனி உள்ளடக்கத்துக்கு வருவோம். ஒரே நிகழ்வை இரண்டு விதமாக எழுதிப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். ஒரு காவலர், "பின்வாயில் அருகே சந்தேகத்துக்குரிய நபர் சுற்றினார், விரட்டப்பட்டார்" என்று எழுதுகிறார். இன்னொருவர் இப்படி எழுதுகிறார்:

"02:10 – பின்வாயிலுக்கு வெளியே, குப்பைத் தொட்டியை ஒட்டி ஒருவர் நின்றிருந்தார். வயது 30 இருக்கலாம். சாம்பல் நிற முழுக்கைச் சட்டை, தோளில் கறுப்புப் பை. மதிலின் மேல்பகுதியை இரண்டு முறை அண்ணாந்து பார்த்தார். 4-ஆம் கேமரா அந்த இடத்தைப் பார்க்கிறது. டார்ச் அடித்து, என்ன வேண்டும் என்று கேட்டேன். பதில் சொல்லாமல் தெற்குப் பக்கமாக நடந்து போனார். 02:14 – மேற்பார்வையாளருக்கு வாக்கி-டாக்கியில் தெரிவித்தேன். 02:40, 03:30 – மீண்டும் போய்ப் பார்த்தேன். யாரும் இல்லை."

முதலாவதில் இருப்பது காவலரின் முடிவு மட்டுமே. அந்த முடிவுக்கு அவர் எப்படி வந்தார் என்பது நமக்குத் தெரியாது. இரண்டாவதில் "சந்தேகம்" என்ற சொல்லே இல்லை. ஆனாலும் மதிலை அண்ணாந்து பார்த்தது, பதில் சொல்லாமல் போனது ஆகிய இரண்டும் போதும். படிப்பவர் தாமே முடிவுக்கு வந்துவிடுவார். இதேபோல், "குடித்திருந்தார்" என்று எழுதாமல், வாயில் மது வாடை வீசியது, பேச்சு குழறியது, நிற்கத் தடுமாறினார் என்று கண்டதையும் கேட்டதையும் எழுதச் சொல்லுங்கள். பிறர் சொன்னதாக இருந்தால், யார் சொன்னார் என்பதும் இடம்பெற வேண்டும்.

பரபரப்பான நிகழ்வுகளைவிடச் சின்னஞ்சிறு குறைகளைக் குறிப்பதில்தான் ஷிப்ட் அறிக்கையின் பெரும்பயன் இருக்கிறது என்பது என் கருத்து. வாகன நிறுத்தத்தில் எரியாத விளக்கு, அவசர வழிக் கதவை மறித்து அடுக்கப்பட்ட அட்டைப்பெட்டிகள், தீ எச்சரிக்கைப் பலகையில் விடாமல் மினுக்கும் பழுது விளக்கு, பம்ப் அறைத் தரையில் தேங்கும் நீர் போன்றவற்றை எழுதும்போது, கண்டதோடு நிறுத்தாமல், யாரிடம், எத்தனை மணிக்குத் தெரிவிக்கப்பட்டது, அவர் என்ன பதில் சொன்னார் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். அந்த ஈரத் தரையில் ஒருவர் வழுக்கி விழுந்து, மாதங்கள் கழித்து இழப்பீடு கேட்டுக் கடிதம் அனுப்பினால், சிசிடிவி காட்சி அதற்குள் அழிந்து போயிருக்கும். பெரும்பாலான ரெக்கார்டர்கள் சில வாரங்களில் பழைய பதிவின் மீதே புதியதை எழுதிவிடுகின்றன. அப்போது எஞ்சியிருப்பது, "22:35 – பம்ப் அறையில் நீர்க்கசிவு. பராமரிப்புப் பிரிவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். காலையில் பார்ப்பதாகச் சொன்னார்கள். எச்சரிக்கைப் பலகை வைத்தேன்" என்ற பதிவு மட்டுமே. காவலர் தம் கடமையைச் செய்தாரா என்ற கேள்விக்கு அதுவே விடை. நிகழ்வு பெரிதாக இருந்தால் கேமரா எண்ணைக் குறிப்பதோடு, காட்சியை எடுத்து வைக்கும்படி அன்றைக்கே கேட்டுவிட வேண்டும்.

காயம், திருட்டு, தீ, கைகலப்பு போன்றவற்றுக்குத் தனியான சம்பவ அறிக்கை தேவை. ஷிப்ட் அறிக்கையில் ஒரு வரியும் அந்தச் சம்பவ அறிக்கையின் எண்ணும் போதும்.

புத்தகமா, செயலியா

இரண்டிலும் நல்லதும் உண்டு, ஓட்டையும் உண்டு. புத்தகம் என்றால் பக்க எண் அச்சிட்டுத் தைத்த பதிவேடாக இருக்க வேண்டும். தாளைக் கிழித்தால் தெரிய வேண்டும். பதிவுகளுக்கு நடுவே வெற்று வரி விடக்கூடாது. பிழையை மை பூசி மறைக்காமல், படிக்கும்படியாக ஒரே கோட்டால் அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பமிட வேண்டும். மறந்துபோன ஒன்றைப் பிறகு எழுதுவதில் தவறில்லை. "தாமதப் பதிவு, எழுதிய நேரம் 04:20" என்று வெளிப்படையாகக் குறித்துவிட்டால் போதும்.

செயலி நேரத்தையும் இடத்தையும் தானாகப் பதிந்துவிடும். ரோந்துப் பாதையில் ஒட்டிய குறியீட்டை ஸ்கேன் செய்தால், காவலர் அந்த இடத்துக்குச் சென்றது உறுதியாகும். ஆனால் அங்கே அவர் எதையாவது கவனித்தாரா என்பதை எந்தச் செயலியாலும் சொல்ல முடியாது. மேலும், நேற்றைய அறிக்கையை அப்படியே நகலெடுத்து இன்றைய தேதியைப் போடும் நோய் செயலியில் விரைவாகப் பரவும். வருகையாளரின் தொலைபேசி எண்ணையும் அடையாள அட்டைப் படத்தையும் வாட்ஸ்அப் குழுவில் போடும் வழக்கம் இருந்தால், அதை இன்றே நிறுத்துங்கள்.

எதில் எழுதினாலும், நடக்க நடக்க எழுத வேண்டும். ஷிப்ட் முடியும் கடைசி அரை மணி நேரத்தில் நினைவிலிருந்து எழுதும் அறிக்கையில் எல்லா ரோந்துகளும் சரியாக மணிக்கு ஒன்றாக நடந்திருக்கும். சட்டைப் பையில் அடங்கும் சிறு குறிப்பேடு ஒன்றைக் கொடுத்தால் இந்தச் சிக்கல் பெருமளவு தீரும். மொழி, காவலருக்குச் சரளமாக வரும் மொழியாகவே இருக்கட்டும். எழுத்துத் தடுமாற்றம் உள்ளவர் பேசிப் பதிவு செய்ய, மேற்பார்வையாளர் எழுதிப் படித்துக் காட்டி ஒப்பம் வாங்கலாம்.

யார் படிப்பது

ஒவ்வொரு பணியிடத்து அறிக்கையையும் மேற்பார்வையாளர் மறுநாள் காலையிலேயே படித்துக் கையொப்பமிட வேண்டும் என்பதை நிறுவனத்தின் விதியாக்குங்கள். படித்தபின், "அந்த விளக்கு மாற்றியாயிற்றா?" என்று காவலரிடம் ஒரு கேள்வியாவது கேட்கச் சொல்லுங்கள். தாம் எழுதியதை யாரோ படிக்கிறார் என்று தெரிந்த மறுநாளே அறிக்கையின் தரம் மாறத் தொடங்கும். பயிற்சி வகுப்பு எத்தனை நடத்தினாலும் இதற்கு ஈடாகாது.

உண்மையை எழுதியவரைத் தண்டிக்கக் கூடாது என்பது அதைவிட முக்கியம். "வாயிலில் தனியாக இருந்ததால் 03:00 மணி ரோந்து செல்லவில்லை" என்று எழுதியவரின் சம்பளத்தைப் பிடித்தால், அடுத்த இரவு முதல் எல்லா ரோந்தும் தாளில் நடந்துவிடும். அந்த வரியை ஆள் பற்றாக்குறை குறித்த தகவலாகப் படிக்க வேண்டும். அது திரும்பத் திரும்ப வந்தால், கூடுதல் காவலர் தேவை என்று வாடிக்கையாளரிடம் பேச நேரங்களோடு கூடிய ஆதாரம் கையில் இருக்கிறது. மாறாக, ஒரு பதிவு பொய் என்று கேமரா காட்டிக் கொடுத்துவிட்டால், அந்தப் பதிவேட்டின் மற்ற பக்கங்களையும் யாரும் நம்பமாட்டார்கள்.

அடுத்த ஷிப்டில் வருபவர் முந்தைய அறிக்கையைப் படித்து, முடியாமல் நிற்பவற்றின் கீழே ஒப்பமிட்டபின் பொறுப்பேற்க வேண்டும். முடியாத விஷயம் தீரும்வரை ஒவ்வொரு நாளும் புதிய பக்கத்துக்கு எடுத்து எழுதப்படட்டும்; எட்டு நாளாக ஒரே பழுது நகர்ந்துகொண்டிருந்தால், வாடிக்கையாளரின் மேலாளருக்கே கூச்சமாகிவிடும்.

வாடிக்கையாளருக்கு ஒவ்வொரு பக்கத்தையும் அனுப்பினால் அவர் எதையும் படிக்கமாட்டார். அவசரமானதை அந்த மணி நேரத்திலேயே தெரிவித்துவிட்டு, மற்றவற்றை வாரம் ஒருமுறை ஒரு பக்கத்தில் கொடுங்கள். சில வேளைகளில், தம் தரப்புக் கவனக்குறைவு பதிவாகியிருப்பதைக் கண்டு, அதை நீக்கும்படி மேலாளர் ஒருவர் கேட்கக்கூடும். அவருடைய விளக்கத்தைத் தேதியிட்டு உடன் இணைத்துக்கொள்ளலாம். பதிவில் மட்டும் கைவைக்கக் கூடாது.

பழைய பதிவேடுகளை எவ்வளவு காலம் வைத்திருப்பது என்பதை ஒப்பந்தம், சட்டம், காப்பீடு ஆகிய மூன்றில் எது அதிக காலம் கோருகிறதோ அதை வைத்து முடிவு செய்யலாம். வழக்கோ இழப்பீட்டுக் கோரிக்கையோ தொடர்பான பக்கங்கள் உள்ள பதிவேடு, அந்த விவகாரம் முழுதாக முடியும்வரை அலமாரியில் பூட்டி இருக்கட்டும்.